ஒன்றரை ஷிப்ட்டில் வளரும் பிள்ளைகள்

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் காலை எட்டரை மணிக்கு மேல் போய் நின்று பார்த்தால், வயதுக்கும் வேலைக்கும் ஏதோ ஒரு கணக்கு இருப்பதுபோலத் தெரியும். ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் இருபது, முப்பது வயதுக்காரர்கள். கட்டிங் டேபிளில் அவர்களைவிடக் கொஞ்சம் மூத்த ஆண்கள். பிசிர் வெட்டுகிற, டேமேஜ் பார்க்கிற இடத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். வயது ஏற ஏறக் கை வேகம் குறைகிறது, கண் மங்குகிறது, ஆள் மெஷினிலிருந்து பிசிருக்கு இறங்கிவிடுகிறார் என்று பார்ப்பவர் நினைத்துக்கொண்டு திரும்புவார்.

அவசரப்பட வேண்டாம். பிசிர் வெட்டும் அந்தப் பெண்களில் பலர் ஒருநாளும் மெஷினில் உட்கார்ந்திராதவர்களாக இருக்கலாம். காட்டு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஓரளவு தலையெடுத்த பிறகு கம்பெனிக்கு வந்தவர்கள். வந்த அன்றைக்கே பிசிர்தான். பக்கத்தில் ஓவர்லாக் ஓட்டுகிற பெண் பன்னிரண்டாவது முடித்த கையோடு டெய்லரிங் பழக வந்தவள். இருவரையும் பிரிப்பது வயது மட்டுமல்ல, பிறந்த காலம். இன்றைய ஐம்பது வயதைப் பார்த்து, இன்று இருபதில் இருப்பவள் ஐம்பதில் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று சொல்ல முடியாது.

பிறப்பு முதல் முதுமை வரை மனித வளர்ச்சியை ஆராய்கிற துறையும் இதே குழியில் விழுந்து எழுந்ததுதான். வெவ்வேறு வயதுக்காரர்களுக்கு ஒரே சமயத்தில் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு, முப்பதைத் தாண்டினால் அறிவுத்திறன் சரியத் தொடங்குகிறது என்று அமெரிக்காவில் வெகுகாலம் நம்பினார்கள். 1956இல் சியாட்டில் நகரத்தில் வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்போய்ச் சோதித்தார். ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலான திறன்கள் அறுபதை நெருங்கும்வரை பெரிதாக இறங்கவில்லை. முதியவர்கள் மதிப்பெண் குறைவாக வாங்கியதில் வயதின் பங்கைப்போலவே அவர்கள் பிறந்து வளர்ந்து படித்த காலத்தின் பங்கும் இருந்தது. பல வயதினரை ஒரே நேரத்தில் பார்ப்பது குறுக்குவெட்டு ஆய்வு. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்வது நெடுங்கால ஆய்வு. முதலாவதில் செலவு குறைவு, சீக்கிரம் முடியும், அறிக்கையும் அச்சாகிவிடும். இரண்டாவதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும். ஆனால் திருப்பூர் போன்ற ஊரைப் புரிந்துகொள்ள இரண்டாவதுதான் வழி.

காரணம், இந்த ஊருக்கு அடி மேல் அடி விழுகிறது. 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம். 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. 2011 ஜனவரி 28 அன்று நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. 2016இல் பணமதிப்பு நீக்கம், 2020இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதம் வரி போட்டது. ஒவ்வொரு முறையும் எத்தனை கோடி ஆர்டர் போச்சு என்பது மறுநாளே பத்திரிகையில் வந்துவிடும். அந்த வருடம் ஐந்து வயதில் இருந்தவனுக்கும் பதினாறு வயதில் இருந்தவனுக்கும் என்ன ஆயிற்று என்பது வராது.

வரவேண்டும் என்று காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1974இல் வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920, 21இல் பிறந்த பிள்ளைகளைச் சிறுவயது முதல் தொடர்ந்து பதிவுசெய்து வைத்திருந்த ஆய்வு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. மந்தம் கடுமையாக இருந்த ஆண்டுகளில் அவர்கள் பதின்ம வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போனதும் பையன்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே தேறினார்கள். அடுத்து எல்டர், பெர்க்லியில் 1928, 29இல் பிறந்த பிள்ளைகளின் பதிவுகளோடு ஒப்பிட்டார். மந்தம் வந்தபோது இவர்கள் கைக்குழந்தைகள். வீட்டுச் சண்டையையும் வறுமையையும் வாங்கிக்கொள்ள மட்டுமே முடிந்த வயது. இவர்களில், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், பாதிப்பு ஆழமாக இருந்தது. அடி ஒன்றுதான். விழுந்த வயதைப் பொறுத்துக் காயம் மாறியது.

இதைச் சாயப்பட்டறை மூடலுக்குப் பொருத்திப் பாருங்கள். அந்த வருடம் பதினாறு வயதுப் பையன் பள்ளியை விட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பான். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பமே தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ திரும்பியிருக்கும். யாருக்கு அதிக இழப்பு? ‘பெரியவனுக்குத்தான், படிப்புப் போச்சே’ என்று நமக்குத் தோன்றும். எல்டரைப் படித்தால் அந்த நிச்சயம் ஆட்டம் காணும்.

அடி விழாத சாதாரண வாரத்தையும் பார்க்க வேண்டும். இதற்கு வழிகாட்டும் உளவியலாளர் யூரி புரோன்ஃபென்பிரென்னர் மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் அங்கே தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1979இல் வந்த அவருடைய நூல் சொல்வது இதுதான்: குழந்தை ஒருபோதும் கால் வைக்காத இடங்களும் குழந்தையை வளர்க்கின்றன. அப்பா அம்மாவின் வேலையிடம் அதில் முதன்மையானது. இதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் அவருக்குக் கிடைத்திருக்காது. 

வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. அம்மா செக்கிங், அப்பா அயர்னிங். ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்துவிடும். அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை. தூத்துக்குடியில் கப்பல் பிடிக்க வேண்டிய கண்டெய்னர் கிளம்பும் வாரமென்றால் ‘நைட் பாக்கணும்’ என்று சொல்லிவிடுவார்கள். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு முதலாளியின் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒரு கடை குறித்த தேதி, இரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு இன்றிரவு யார் சோறு போடுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் ஆறாவது படிக்கும் அக்காதான் போடுவாள். வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவளே. அவளுடைய வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது என்று கேட்கக் கூடாது.

அரசு இதற்குள் வராமல் இல்லை. பெண்கள் 30 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆனால் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், எட்டு மணிக்குள் வீட்டைப் பூட்டிக் கிளம்பும் தாய்மாருக்குப் பெரிய ஆறுதல். அடுத்த ஆண்டு ஏப்ரலிலோ, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஒரு கை இட்லி கொடுக்க, இன்னொரு கை அம்மாவைப் பிடித்து வைக்கப் பார்த்தது.

சரி, ஏற்கெனவே வளர்ந்துவிட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே? கேட்கலாம், கவனமாக. ஆய்வாளர் ஷரத் சாரி 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி, முதலாளிகள் பலரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 2004இல் ‘ஃபிராட்டர்னல் கேப்பிட்டல்’ என்ற நூலை வெளியிட்டார். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, கம்பெனியில் தொழிலாளியாக இருந்து, பின் முதலாளி ஆன கவுண்டர்களின் கதை அது. ‘எல்லாம் உழைப்புங்க’ என்ற பதிலை அவர் அப்படியே ஏற்கவில்லை. உழைத்தவர்கள் எல்லோரும் முதலாளி ஆகவில்லையே. சாதி, உறவு, கடன் கொடுக்க ஆள், ஆணாய்ப் பிறந்தது ஆகியவற்றுக்கும் பங்கு இருந்தது. ஆய்வு முறை என்று பார்த்தாலும் இதில் பாடம் உண்டு. திருப்பூரில் இன்று நாம் சந்திப்பவர்கள் திருப்பூரில் நின்றுவிட்டவர்கள். தோற்று ஊர் திரும்பியவர் பேட்டி கொடுக்க இங்கே இல்லை. ஜெயித்தவர்களின் நினைவை மட்டும் வைத்து ஊரின் வாழ்க்கையை எழுதினால் அது ஜெயித்த கதையாகத்தான் இருக்கும்.

நினைவு இன்னொரு சிக்கல். வயது கேட்டால் ‘இருக்குமுங்க, ஒரு நாப்பத்தஞ்சு’ என்பார்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதை எடுத்தாலும் வயது 0, 5 என்று முடியும் எண்களில் குவிந்து கிடப்பதைக் காணலாம். பள்ளிச் சான்றிதழை நம்பினால், வாத்தியார் சேர்க்கையின்போது எழுதிக்கொண்ட தேதிகளால் பாதி வகுப்பு ஜூன் மாதத்தில் பிறந்திருக்கும். இதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கருவி வாழ்க்கை நாள்காட்டி. ஆண்டைக் கேட்பதற்குப் பதிலாக, ஊரே அறிந்த நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்து அதன்மேல் வாழ்க்கையைப் பொருத்துவது. ‘சாயப்பட்டறை மூடுனப்ப உங்க பொண்ணு எத்தனாவது படிச்சா?’ என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். இந்த ஊரின் துயரங்களுக்கு இப்படி ஒரு பயன். எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். சூப்பர்வைசர் எட்டிய தூரத்தில் நின்றால் எல்லாமே ‘நல்லாப் பாத்துக்கறாங்க’தான். வெளிநாட்டு பையர்களுக்காக நடக்கும் ஆடிட் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் பதில் அது.

விட்ட இடத்துக்கே திரும்பி வந்த ஆய்வாளர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் ஜூடித் ஹேயர் கோவை, திருப்பூர் வட்டாரக் கிராமங்களை 1981-82இல் ஆராய்ந்தார். 1996இல் மறுபடி வந்தார். 2008-09இல் மூன்றாம் முறையாக வந்தார். பண்ணையாள் முறை தளர்ந்ததும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், பனியன் தொழில் கொழித்தும் தலித் குடும்பங்களுக்கு அதன் பங்கு முழுதாக வந்து சேராததும் இப்படித் திரும்பி வந்ததால்தான் கண்ணில் பட்டன.

கோட்பாட்டுப் பக்கம் எல்லோரும் சொல்கிற பெயர் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சன். வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தவர். 1962இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்குக்காக அவர் வந்ததும் ஒரு ஜவுளி ஊருக்குத்தான்: அகமதாபாத். விருந்தளித்த அம்பாலால் சாராபாய், 1918 ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் காந்திக்கு எதிர்ப்பக்கம் நின்ற முதலாளி. அந்தப் போராட்டத்தையும் அப்போது 48 வயதான காந்தியையும் வைத்து எரிக்சன் 1969இல் எழுதிய ‘காந்தி'ஸ் ட்ரூத்’ நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அருமையான புத்தகம்தான். ஆனால் அதில் காந்தியின் நடுவயது விரிவாக இருக்கிறது, தறியில் நின்றவரின் நடுவயது ஏறக்குறைய இல்லை.

பதின்ம வயது என்பது ‘நான் யார்’ என்று தேடும் வயது, அதற்குச் சமூகம் கொஞ்சம் அவகாசம் தர வேண்டும் என்றார் எரிக்சன். சுமங்கலித் திட்டத்தில் வந்த பெண்ணுக்கு அந்த அவகாசம் எங்கே? மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் மூன்று வருட ஒப்பந்தம், ஆலை விடுதி, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தத் தொகை, அதை வைத்துக் கல்யாணம். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு உலகமே பேசிய விஷயம். சுரண்டல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினாறில் ‘இளமையே போச்சு’ என்று அழுத பெண் இருபத்தாறில் என்ன சொல்கிறாள்? முதல் தோழி அங்கேதான் கிடைத்தாள் என்பாளா, உடம்பு அங்கேயே கெட்டது என்பாளா? இரண்டையும் சொல்லக்கூடும். பதினாறிலும் கேட்டு, இருபத்தாறிலும் கேட்டால்தான் தெரியும்.

செய்ய முடியாத காரியம் அல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைப் பின்தொடர்ந்து, 26 முதல் 32 வயதில் 2,218 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். 2002இல் தொடங்கி 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கவனித்ததும் அதே ஊரில்தான். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்த்த பிள்ளைகளை இன்றும் தேடிப் போகிறது.

திருப்பூரில் இதற்கான கூறுகள் தயாராக இருக்கின்றன. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது. 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற தொழில் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் இங்கேதான் பிறக்கிறார்கள்; அவர்களையும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும். குடும்பம் ஊர் மாறினால் பின்னாலேயே போக ஆள் போட வேண்டும், அதுதான் பெரிய செலவு. ஏற்றுமதியாளர் சங்கமும் மாநகராட்சியும் மருத்துவக் கல்லூரியும் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு வருடத்தில் பிறக்கும் குழந்தைகளையாவது பதிவுசெய்யத் தொடங்கட்டும். 2027இல் பிறக்கும் குழந்தைக்கு 2041இல் பதினான்கு வயது ஆகும்.