காதைப் பார்த்தா போதுமா? ஒரு குதிரைக்குப் பேப்பர் கிடைக்கிற கதை

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுல கூடற குதிரைச் சந்தையைப் பார்த்திருக்கீங்களா? அங்க ரெண்டு பேரு காதுல விழுந்துட்டே இருக்கும்: மார்வாரி, காட்டியவாரி. விலையில பாதி அந்தப் பேருக்குத்தான். சரி, ஒரு குதிரை நிஜமாவே மார்வாரிதான்னு யார் சொல்றது? எதை வச்சுச் சொல்றது? இன்னிக்கு எபிசோட் இதுதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஒரு இனத்தைப் பதிவு பண்றது வேற, ஒரு குதிரையைப் பதிவு பண்றது வேற. நான் ஆரணிக்காரன், அதனால புடவையை வச்சே சொல்றேன். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. 'ஆரணிப் பட்டு'ன்னு ஒண்ணு உண்டு, அது இப்படித்தான் இருக்கும்னு அது சொல்லுது. ஆனா கடையில உங்க கையில குடுத்த அந்தப் புடவை சுத்தப் பட்டான்னு கேட்டா, புடவையில தொங்கற சில்க் மார்க் அட்டையைத்தான் பார்க்கணும். குதிரையிலயும் இதே ரெண்டு அடுக்கு.

மேல் அடுக்கைப் பார்த்துக்கறது ஹரியானா, கர்னால்ல இருக்கிற தேசிய விலங்கு மரபு வளப் பணியகம். நம்ம காங்கேயம், உம்பளச்சேரி மாடு, ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் எல்லாம் அங்க பதிவானதுதான். குதிரையில மார்வாரி, காட்டியவாரி, கச்சி-சிந்தி, மணிப்புரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி, பூட்டியான்னு ஏழு இனம் இருந்துச்சு. சமீபத்துல எட்டாவதா மகாராஷ்டிராவோட பீம்தாடி சேர்ந்துச்சு. பீமா நதிப் பக்கத்துக் குதிரை, மராத்தியக் குதிரைப்படையோட சேர்த்துப் பேசப்படறது. இன்னிக்கு தங்கர் இடையர்களோட மூட்டை முடிச்சைச் சுமந்துட்டு ஊர் ஊராப் போகுது. 1677ல சிவாஜி செஞ்சியைப் பிடிச்சார், எங்க ஆரணியே ஒரு மராத்திய ஜாகீர். அதனால இந்தக் குதிரை மேல எனக்கு ஒரு தனிப் பாசம், அவ்வளவுதான்.

கீழ் அடுக்குலதான் விஷயமே இருக்கு. மார்வாரியை எடுத்துக்கங்க. 1930கள்ல இந்த இனம் ரொம்பத் தேய்ஞ்சு போயிருந்தப்ப, ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல குதிரைகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாத்தினார். பேரன் கஜ் சிங் அதைத் தொடர்ந்தார். ஆனா குதிரை ஒவ்வொண்ணையும் முறையா எழுதி வைக்கிற ஏற்பாடு 2009லதான் தொடங்குச்சு, மார்வாரி குதிரைச் சங்கம் வழியா. மதிப்பீட்டாளர் குதிரையைப் பார்த்து, அளந்து, அடையாளங்களைக் குறிச்சுக்கறார். தேறினா ஒரு எண், ஒரு புகைப்படம், உடம்புல ஒரு குளிர் முத்திரை.

குளிர் முத்திரைன்னா சூடு போடறதுக்கு நேர் எதிர். திரவ நைட்ரஜன் மாதிரி ஒண்ணுல உறைய வச்ச இரும்பை அழுத்துவாங்க. அந்த இடத்துல முடிக்கு நிறம் குடுக்கிற செல்கள் செத்துடும், அப்புறம் முளைக்கிற முடி வெள்ளையா வரும். வெள்ளைக் குதிரைக்கு என்ன பண்றது? இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினா முடியே முளைக்காது, எண் வழுக்கையாத் தெரியும்.

எதைப் பார்த்துத் தேர்வு பண்றாங்க? எல்லாரும் முதல்ல சொல்றது காது. உள்பக்கமா வளைஞ்சு நுனியில கிட்டத்தட்ட முட்டிக்கற காது. அழகுதான், ஆனா காட்டியவாரிக்கும் அதே காது! காதை மட்டும் காட்டி மார்வாரின்னு சொன்னா நம்பாதீங்க. உடம்பு விகிதம்தான் முக்கியம். இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு: ஒரு விரல் அகலம்னா அஞ்சு வாற்கோதுமை மணி. முக நீளம் 28லேருந்து 40 விரல். உச்சந்தலையிலேருந்து வால் அடி வரைக்கும் முக நீளத்தைப் போல நாலு மடங்கு. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஏன்னா இது சென்டிமீட்டர் இல்ல, விகிதம். குதிரை சின்னதோ பெருசோ, இது மாறாது. இன்னொண்ணு சுழி. கழுத்துல நீளமா ஓடற சுழிக்கு தேவ்மன்னு பேரு, ராசியானது. கண்ணுக்குக் கீழ இருந்தா ஆகாது. நம்ம ஊர்ல மாடு வாங்கறவங்க சுழி பார்ப்பாங்களே, அதே கதை. ராசியை விடுங்க, சுழி சாகற வரைக்கும் இடம் மாறாது, அதனால அடையாளத்துக்கு உருப்படியான குறி.

சிக்கல் எங்கன்னா, உயரம் கூடணும்னு சிலர் பந்தயக் குதிரையோட, அதாவது தரோபிரட்டோட, கலப்பு பண்றாங்க. அந்தக் குட்டியைத் திரும்ப மார்வாரியோட சேர்த்தா அடுத்த தலைமுறையில வெளி ரத்தம் சராசரியா கால்வாசி, அதுக்கடுத்ததுல அரைக்கால். கண்ணுக்கு எதுவும் தெரியாமப் போகலாம். டி.என்.ஏ. எடுத்தா? ஒவ்வொரு குறியீட்டு இடத்துலயும் குட்டி ஒண்ணைத் தாய்கிட்டேருந்தும், ஒண்ணைத் தந்தைகிட்டேருந்தும் வாங்கியிருக்கணும். பல இடத்துல ஒத்து வரலைன்னா சொன்ன தந்தை பொய். ஆனா இது சொல்றது 'யார் குட்டி'ன்னுதான். அந்தத் தாயும் தந்தையும் மார்வாரியான்னு கேட்டா, அவங்க பேப்பரைப் பார்க்கணும். அவங்க பேப்பர்? கடைசியில எங்கயோ ஒரு மதிப்பீட்டாளரோட கண்ணுலதான் போய் நிக்கும்.

அப்போ ஏட்டை மூடிடலாமா, இனிமே பதிவான குதிரைகளோட குட்டிக்கு மட்டும்தான்னு? நான் வேண்டாம்னுதான் சொல்வேன். நெதர்லாந்தோட ஃப்ரீசியன் குதிரையைப் பாருங்க. 1879லயே ஏடு வந்துடுச்சு, ஆனா 1913ல ஃப்ரீஸ்லாந்துல மிஞ்சினது மூணே மூணு பொலிகுதிரை. அந்தக் குறுகல்ல வந்த இனத்துல இன்னிக்கும் குள்ளத்தன்மை, மூளையில நீர் கோக்கறது மாதிரி பரம்பரைக் குறைகள் இருக்கு. இங்க நிலைமை என்ன? இந்தியாவுல 2012 கால்நடைக் கணக்கெடுப்புல குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து சுமார் 6.25 லட்சம், 2019ல சுமார் 3.4 லட்சம். ஏழு வருஷத்துல 45 சதவீதத்துக்கு மேல சரிவு. இந்த நேரத்துல ஏதோ ஒரு கிராமத்துல கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போற, பேப்பரே இல்லாத ஒரு நல்ல பெண் குதிரையை வெளிய நிறுத்தறது எனக்கு நியாயமாப் படலை. பெண் குதிரைகளுக்கு மதிப்பீடு வழியாக் கதவு திறந்தே இருக்கட்டும். ஒரு ஆண் குதிரை நூத்துக்கணக்குல குட்டி விட முடியும், அதனால அங்க மட்டும் டி.என்.ஏ.வைக் கட்டாயமாக்கலாம்.

இன்னொரு விஷயமும் வந்துடுச்சு. 2023 மே 19ஆம் தேதி, ஹிசார் தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தோட பிகானேர் வளாகத்துல, கருமாற்று முறையில ஒரு மார்வாரிக் குட்டி பிறந்துச்சு. 23 கிலோ, பேரு ராஜ் பிரதமா. சுமந்தது வாடகைத் தாய், அதனால பேப்பர்ல அம்மா இடத்துல பெத்த குதிரை வராது, கருமுட்டை குடுத்த குதிரைதான் வரும். இனி ஒரே பெண் குதிரைக்கு ஒரு வருஷத்துலயே பல குட்டி சாத்தியம். எல்லாரும் ஒரு சாம்பியன் குதிரையோட கருவையே கேட்க ஆரம்பிச்சா, மூணு பொலிகுதிரைக் கதை இந்தத் தடவை தாய் வழியா வரும்.