உணவுக்குழாய் அடைப்புடன் பிறக்கும் குழந்தைகள்: உயிரைத் தீர்மானிக்கும் முதல் சில மணி நேரம்

பிறந்த குழந்தையின் வாயிலிருந்து நுரைத்த எச்சில் ஓயாமல் வழிகிறது. துடைத்தாலும் மீண்டும் சேர்கிறது. முதல் முறை பால் புகட்டியதும் புரையேறி, உடல் நீலம் பாரிக்கிறது. பிறவி உணவுக்குழாய் அடைப்பின் முக்கிய அறிகுறிகள் இவை. ஏறத்தாழ 2,500 முதல் 4,500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இக்குறைபாடு காணப்படுகிறது. அறுவை சிகிச்சை இல்லையேல் குழந்தை பிழைக்காது. வளர்ந்த நாடுகளில் இத்தகைய குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை காப்பாற்றப்படுகின்றன. இந்தியா முழுமைக்கும் அந்நிலை இன்னும் எட்டப்படவில்லை.

கருவின் தொடக்க வாரங்களில் ஒரே குழாயாக இருக்கும் பகுதியிலிருந்தே உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் தனித்தனியே பிரிகின்றன. இப்பிரிவு முறையாக நிகழாதபோது குறைபாடு உண்டாகிறது. பாதிக்கப்பட்டோரில் சுமார் 85 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதி பை போல மூடியிருக்கும். கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயுடன் இணைந்திருக்கும். இதனால் நுரையீரலுக்கு இருபுறமும் ஆபத்து. மேலிருந்து எச்சிலும் பாலும் இறங்குகின்றன. கீழிருந்து இரைப்பை அமிலம் ஏறுகிறது. பெரும்பாலான குழந்தைகளில் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. எனவே தாயின் உணவையோ நடத்தையையோ குறைகூற இடமில்லை.

ஒரு குழாய் போதும்

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சற்று விறைப்பான மெல்லிய குழாயை வாய் வழியாகச் செலுத்தினால், சுமார் 10 செ.மீ. தொலைவில் அது தடைபட்டு நின்றுவிடும். எக்ஸ்-ரே படம் அதை உறுதிப்படுத்தும். கர்ப்ப காலத்தில் பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருந்தாலோ, பிறந்தபின் எச்சில் நுரைத்து வழிந்தாலோ, பால் கொடுக்கும் முன்பே இச்சோதனையைச் செய்வது அவசியம். ஐயம் இருக்கும்போது 'ஒருமுறை கொடுத்துப் பார்ப்போம்' என்பதே ஆபத்து. தமிழகத்தில் சேனை வைப்பது போல, நாட்டின் பல பகுதிகளில் பிறந்தவுடன் தேனோ சர்க்கரை நீரோ புகட்டும் வழக்கம் உண்டு. எந்தக் குழந்தைக்கும் பரிந்துரைக்கப்படாத இவ்வழக்கம், இக்குழந்தைகளுக்கு நேரடியாக நிமோனியாவைக் கொடுக்கக்கூடியது.

தாமதத்தின் விலை

1941-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் மருத்துவர் கேமரூன் ஹெயிட், உணவுக்குழாயின் இரு முனைகளையும் ஒரே அறுவை சிகிச்சையில் இணைத்து ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்றினார். அதன்பின் இத்துறை வெகுவாக முன்னேறியது. 1994-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் லூயிஸ் ஸ்பிட்ஸும் அவரது குழுவினரும் வெளியிட்ட வகைப்பாடு இதைக் காட்டுகிறது. பிறப்பு எடை 1,500 கிராமும் அதற்கு மேலும் இருந்து, பெரிய இதயக் குறைபாடும் இல்லாத குழந்தைகளில் 97 சதவீதம் பிழைத்தன. இவ்விரு பாதகங்களில் ஒன்று இருந்தால் 59 சதவீதமும், இரண்டும் இருந்தால் 22 சதவீதமும் பிழைத்தன.

இவ்வகைப்பாட்டில் நிமோனியா இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1962-இல் டேவிட் வாட்டர்ஸ்டன் வகுத்த முந்தைய முறையில் அது முக்கிய அளவுகோலாக இருந்தது. மேலை நாடுகளில் பின்னுக்குத் தள்ளப்பட்ட அந்த அளவுகோல் இந்திய மருத்துவர்களுக்கு இன்றும் தேவைப்படுகிறது. காரணம், பல குழந்தைகள் நுரையீரல் தொற்றுடனும் உடல் குளிர்ந்த நிலையிலும் காலங்கடந்தே அறுவை சிகிச்சை மையத்தை அடைகின்றன.

2021-இல் 'தி லான்செட்' இதழில் வெளியான 74 நாடுகளின் ஆய்வும் இதே இடைவெளியைச் சுட்டியது. உணவுக்குழாய் அடைப்பு உள்ளிட்ட பிறவி இரைப்பை-குடல் குறைபாடுகளால் ஏற்படும் இறப்பு, உயர் வருவாய் நாடுகளில் 5.6 சதவீதமாகவும், நடுத்தர வருவாய் நாடுகளில் 20.4 சதவீதமாகவும், குறைந்த வருவாய் நாடுகளில் 39.8 சதவீதமாகவும் இருந்தது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு நள்ளிரவிலேயே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. உடல்நிலையைச் சீராக்கியபின் ஓரிரு நாளில் செய்யலாம். ஆனால் அதுவரையிலும், ஆம்புலன்ஸ் பயணத்திலும், வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மேல் பையில் தேங்கும் எச்சிலைத் தொடர்ந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். உடல் வெப்பம் குறையாமல் காக்க வேண்டும். முகமூடி வழியாகச் செயற்கைச் சுவாசம் அளித்தால் காற்று இரைப்பைக்குள் புகுந்து மூச்சுத்திணறலை மேலும் கூட்டலாம் என்பதால் அதைக் கூடியவரை தவிர்க்கின்றனர்.

2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின் கீழ், நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம். ஆனால் 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் வகுத்த பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இதயக் குறைபாடு போன்றவை உண்டு. உணவுக்குழாய் அடைப்பு தனியே பெயரிடப்படவில்லை. வெளியே தெரியாத இக்குறைபாட்டைப் பிரசவ அறையில் இருக்கும் செவிலியரின் விழிப்பே பிடிக்க வேண்டியுள்ளது.

அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கண்காணிப்பு தேவை. இணைத்த இடம் சுருங்கி, விழுங்குவதில் சிரமம் வரலாம்; அதை எண்டோஸ்கோபி வழியாக விரிவாக்க முடியும். கரகரப்பான இருமல் சில ஆண்டுகள் நீடிப்பதும் உண்டு. திட உணவு தொடங்கும்போது குழந்தை அடிக்கடி திணறினால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அணுக வேண்டும்.