இமைக்குள் ஒரு கணக்கு

மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும் ஆட்டின் தாடைக்கு அடியில், சின்னத் தண்ணீர்ப் பையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழும். ஆடு வலியால் துள்ளுவதில்லை. இரவெல்லாம் தலையை நிமிர்த்தி அசைபோட்டுக் கிடந்தால் விடிவதற்குள் பாதி வடிந்துவிடும். பகலில் தலைகுனிந்து மேயத் தொடங்கியதும் மறுபடி நிறையும். தொண்டையில் கட்டி என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் கோளாறு தொண்டையில் இல்லை, ஆட்டின் நான்காம் இரைப்பையில்.

அங்கே உட்கார்ந்திருப்பது ஹேமான்கஸ் கன்டார்டஸ் என்ற உருளைப்புழு. பெண் புழு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், தடிமன் தையல் நூல் அளவுதான். அதன் குடல் ரத்தம் நிரம்பிச் சிவந்திருக்கும். அந்தக் குடலை வெள்ளைக் கருப்பை முறுக்கிச் சுற்றியிருக்கும். மேலைநாட்டு முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சுழலும் சிவப்பு வெள்ளைக் கம்பம் இந்தப் புழுவைப் பார்த்தவர்களுக்கு நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் அதன் பேச்சுவழக்குப் பெயரே அந்தக் கம்பத்தின் பெயர்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய நாவிதர்கள் முடி வெட்டுவதோடு, நோயாளியின் ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் எடுக்கும் வேலையும் பார்த்தார்கள். நிறத்துக்காக வைத்த பெயர் தொழிலுக்கும் பொருந்திவிட்டது.

புழுவின் வாயில் ஊசிபோல ஒரு சிறு பல் இருக்கிறது. அதனால் இரைப்பைச் சுவரைக் கீறி, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் சுரந்து, கசிவதைக் குடிக்கிறது. இடம் மாறினாலும் பழைய காயத்திலிருந்து கசிவு கொஞ்ச நேரம் நிற்பதில்லை. குடித்ததும் வீணானதும் சேர்த்து, ஒரு புழுவால் ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் போகிறது. ஒரு சொட்டு. கேட்பதற்கு அற்பமாகத்தான் இருக்கிறது.

ஆயிரம் புழு இருந்தால் அது 50 மில்லி, டீக்கடைத் தம்ளரில் பாதி. 5,000 புழு இருந்தால் 250 மில்லி. 25 கிலோ எடையுள்ள வெள்ளாட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 1,750 மில்லிதான். நாளொன்றுக்கு ஏழில் ஒரு பங்கு வயிற்றுக்குள் ஒழுகினால், பெருந்தொற்று ஏறிய ஆடுகள் சில நாட்களில் செத்துப்போவதில் வியப்பில்லை. நேற்றுவரை நன்றாக மேய்ந்த குட்டி காலையில் விறைத்துக் கிடப்பதும், யாரோ விஷம் வைத்துவிட்டதாக ஊரில் பேச்சு எழுவதும் இப்படித்தான்.

பெரும்பாலான ஆடுகள் அவ்வளவு வேகமாகச் சாவதில்லை, இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுபறியைப் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். நலமான செம்மறியில் அந்தப் படிவு மொத்த அளவில் 27 முதல் 45 சதவீதம், வெள்ளாட்டில் 22 முதல் 38 சதவீதம். வெள்ளாட்டின் சிவப்பணு வீட்டு விலங்குகளிலேயே மிகச் சிறியது. அதனால்தான் மனிதரின் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணு இருக்க, ஆட்டில் அது ஒரு கோடியைத் தாண்டுவதும் சகஜம்.

புழு குடிக்கக் குடிக்க, ஆட்டின் எலும்பு மஜ்ஜை வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் புதுச் சிவப்பணுக்களைச் செய்து தள்ளும். செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. சோகை கடுமையானால், வெள்ளாடுகளும், செம்மறியில் ஒரு குறிப்பிட்ட மரபு வகையைச் சேர்ந்தவையும் வழக்கமான ஹீமோகுளோபினை விட்டுவிட்டு 'சி' என்ற வேறொரு வகையைச் செய்யத் தொடங்குகின்றன. இருப்பு வற்றியதும் மாற்றுச் சரக்கை எடுத்து வைக்கும் கடைக்காரர்போல. ஆனால் இரும்புச்சத்து தீர்ந்துவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் ஓடாது. மஜ்ஜை ஓய்ந்ததும் படிவு 20, 15, 12 என்று இறங்கும்.

ரத்தத்தோடு அதன் புரதமும் போகிறது. ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அல்புமின் என்ற புரதம். அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து, உடம்பின் தாழ்வான இடத்தில் தேங்கும். தலைகுனிந்து மேயும் ஆட்டுக்குத் தாழ்வான இடம் தாடைதான். மாலையில் நிறைந்து காலையில் வடியும் அந்த வீக்கத்தின் ரகசியம் இவ்வளவே.

இந்தப் புழு ஏமாற்றுவது ஒரு விஷயத்தில். குடற்புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்பது ஆடு வளர்ப்போரின் பொது அனுபவம். ஹேமான்கஸ் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கழிச்சல் இராது. புழுக்கை உருண்டையாகவே விழும். ஆடு சோர்ந்து, மந்தைக்குப் பின்னால் தங்கும். மூச்சு வாங்கும். அவசரப்பட்டுத் துரத்தினால் நின்ற இடத்திலேயே சுருண்டு விழும்.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடுகிறது. ஆயிரம் புழுவில் பாதி பெண் என்றாலும், ஒரே ஆடு ஒரே நாளில் 25 லட்சம் முட்டைகளைப் புழுக்கையோடு தரையில் இறைத்துவிட்டுப் போகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, இருமுறை தோலுரித்து, தொற்றக்கூடிய இளம்புழு தயாராகிவிடும். பனித்துளியும் மழைநீரும் புல்லின்மேல் படரவிடும் மெல்லிய நீர்ப்படலத்தில் அது நீந்தி ஏறும். ஏறினாலும் பெரும்பாலும் தரையிலிருந்து நாலைந்து விரற்கிடை உயரத்துக்குள்தான். ஆடு மேய்ந்து விழுங்கிய மூன்றாம் வாரத்தில் அடுத்த தலைமுறையின் முட்டைகள் விழத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இந்தத் தொல்லை தலைதூக்குவதன் காரணம் இங்கே இருக்கிறது. பனி காய்ந்த பிறகே பட்டியைத் திறக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் புழுவியல் நோக்கில் நியாயம் உண்டு. வெள்ளாடு இயல்பில் குழை தின்னி. எட்டிக் கடித்து இலை பறிக்கும்வரை இளம்புழு அதை நெருங்குவது கடினம். வேலியும் புதரும் அழிந்து வெள்ளாடும் செம்மறியைப் போலத் தரையைக் கரண்டும் இடங்களில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. காலங்காலமாகத் தரையில் மேய்ந்த செம்மறிக்கு இந்தப் புழுவோடு ஓரளவு மல்லுக்கட்டத் தெரியும். வெள்ளாட்டுக்கு அந்தப் பழக்கம் குறைவு.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி சுமார் 45 லட்சம். இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறதே, கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் உலகமே ஒரு காலத்தில் நினைத்தது.

1961இல் தையாபெண்டசோல் வந்தது. குடற்புழு மருத்துவத்தில் அது புது யுகம். மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கு அசையாத ஹேமான்கஸ் அமெரிக்காவில் தென்பட்டது. 1976இலேயே இந்தியச் செம்மறிகளிலும் எதிர்ப்பு பதிவாகிவிட்டது. லெவாமிசோல் வந்தது, அதற்கும் அதே கதி. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பானில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி தந்த கொடை அது. அதைக் கண்டெடுத்த ஓமுராவும் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் எண்பதுகள் முடிவதற்குள் தென்னாப்பிரிக்கச் செம்மறிகளின் வயிற்றில் அதையும் சட்டை செய்யாத புழு உருவாகிவிட்டது. 2009இல் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்த மோனிபான்டெல் நான்கே ஆண்டுகளில் அதே நாட்டு ஆட்டுப் பண்ணை ஒன்றில் தோற்றது. அங்கே தப்பியவை ஹேமான்கஸின் பங்காளிப் புழுக்கள்.

புழுவுக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? எண்ணிக்கையிலிருந்துதான். கோடிக்கணக்கில் பிறக்கும்போது மருந்துக்கு மசியாத சில எப்போதும் இருக்கும். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால், மசிகிற புழு எல்லாம் செத்து, மசியாதது மட்டும் மிஞ்சி, அடுத்த தலைமுறைக்குத் தாயும் தகப்பனும் ஆகிறது. இதில் மனிதர் செய்த பிழை ஒன்றும் சேர்ந்துகொண்டது. வெள்ளாட்டின் உடம்பு பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவையே அதற்கும் கொடுத்தால், அது புழுவுக்கு அரைகுறை அடியும் முழுப் பயிற்சியும்தான். எடை பார்க்காமல் கண்மதிப்பில் ஊற்றுவதும் அதே வகை.

மருந்துகள் வரிசையாகத் தோற்ற தென்னாப்பிரிக்காவில்தான் மாற்று வழியும் பிறந்தது. ஃபிரான்சுவா மலான் என்ற கால்நடை மருத்துவர், நண்பர்களுக்கு 'ஃபாஃபா', ஒரு பழைய பழக்கத்தைக் கையில் எடுத்தார். ஆட்டின் கீழிமையை இழுத்து உட்புறச் சதையின் நிறத்தைப் பார்ப்பது. ஆடு வளர்க்கும் எந்த ஊரிலும் இதற்குப் பட்டம் தேவையில்லை. 'கண்ணு வெளுத்துக் கெடக்கு, ரத்தமில்ல' என்று எங்கும் சொல்வார்கள். மலானும் அவருடைய சகாக்களும் செய்தது, அந்த வெளுப்புக்கு அளவுகோல் வைத்தது. இமையின் நிறத்தையும் கண்ணாடிக் குழாயின் படிவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஐந்து நிறங்கள் கொண்ட ஒரு அட்டையை உருவாக்கினார்கள். அவர் பெயரின் எழுத்துகளோடு அட்டைக்கான ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளையும் சேர்த்து அதற்கு 'ஃபமாச்சா' என்று பெயர் வந்தது.

அட்டையில் முதல் நிறம் செக்கச் சிவப்பு: படிவு 28 அல்லது அதற்கு மேல். ஐந்தாவது சுண்ணாம்பு வெளுப்பு: 12 அல்லது அதற்கும் கீழ். நான்கும் ஐந்தும் தெரிந்தால் மருந்து. மூன்று சந்தேகக் கட்டம். குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் ஆடு என்றால் கொடுத்துவிடுவது நல்லது. ஒன்று, இரண்டு என்றால் வயிற்றில் புழு இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் பலருக்குத் தொண்டையில் சிக்குகிறது. புழு இருப்பது தெரிந்தும் மருந்து கொடுக்காமல் விடுவதா? ஆனால் விஷயத்தின் மையமே அதில்தான். மந்தையில் புழு எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. நூறு ஆட்டில் இருபது முப்பதுதான் மொத்தப் புழுவில் எண்பது சதவீதத்தைச் சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் கொடுத்தால் மேய்ச்சலில் விழும் முட்டையின் பெரும்பகுதி நின்றுவிடும். மற்ற ஆடுகளின் வயிற்றில் மருந்தையே பார்க்காத புழுக்கள் தங்கியிருக்கும். அவை மசியாத புழுவோடு கலந்து பெருகும்போது மருந்தின் வேகம் சீக்கிரம் மழுங்காது. எதிரியின் படையில் சாதுவான ஆட்களை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவைக்கும் தந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். பருவத்துக்குப் பருவம் எந்த ஆடு திரும்பத் திரும்ப வெளுக்கிறது என்று குறித்து வைத்தால், எதைக் கழிக்கலாம், எந்தக் கிடாவை இனத்துக்கு வைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இயற்கை இந்தத் தேர்வைச் சில இடங்களில் முன்பே செய்து முடித்திருக்கிறது. வங்கத்தின் சுந்தரவனச் சதுப்பில் எப்போதும் ஈரத்திலேயே மேயும் காரோல் என்ற குட்டை இனச் செம்மறியும், கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவப்பு மாசாய் செம்மறியும் ஹேமான்கஸைத் தாங்கி நிற்பதில் பேர்போனவை. 2014இல் ஆஸ்திரேலியாவில் ஒரு தடுப்பூசியும் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பு அது. புழுவின் குடற்சுவரிலுள்ள புரதத்தை எடுத்து ஆட்டுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. புழு அந்த ரத்தத்தைக் குடித்ததும் அதன் குடலே பழுதாகிறது. உண்ட வீட்டுச் சாப்பாட்டிலேயே அடி. ஆனால் அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து அதே பலனைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. செம்மறிகளில் புழுவை வளர்த்து, பிறகு வயிற்றிலிருந்து அள்ளித்தான் தயாரிக்கிறார்கள்.

வெளுத்த இமையெல்லாம் ஹேமான்கஸின் வேலை அல்ல. குளத்தங்கரையில் நத்தையின் வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழுவும் சோகையும் தாடை வீக்கமும் தரும். உண்ணி பரப்பும் பாபேசியா சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கும். அப்போது காய்ச்சல் அடிக்கும், சிறுநீர் சிவக்கும். மாறாக, புழுதியும் கண்நோயும் இமையைச் சிவப்பாக்கி, சோகை ஆட்டை நலமாகக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் நாலு புழுக்கையைப் பொட்டலம் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போவதே வழி. நுண்நோக்கியில் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்லும் முறை 1939இலிருந்தே இருக்கிறது.

இமை பார்ப்பதற்கும் முறை உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில், மேலிமையை மூடிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கீழிமையை இழுத்து, உட்சதை வெளியே எட்டிப்பார்க்கும் அந்த நொடியிலேயே நிறத்தைப் படித்துவிட வேண்டும். கண் விளிம்பின் நிறம் கணக்கில்லை. தாமதித்தால் இழுத்த சதை நிறம் மாறித் தெரியும். நினைவை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அட்டையை அருகில் வைத்தே பார்க்கச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

அட்டைக்கும் ஒரு சோகை உண்டு. வெயில் பட்டால் அதன் அச்சு மை வெளுக்கும். வெளுத்த அட்டையோடு ஒப்பிட்டால் சாகக் கிடக்கிற ஆடும் இரண்டாம் நிறத்தில் தெரியும். அதனால் வேலை முடிந்ததும் அதை இருட்டில் வைக்க வேண்டும். ஓராண்டு புழங்கிய அட்டையை மாற்றிவிட வேண்டும்.