சில நாட்டுப் பணம் ஏன் மலிவாக இருக்கிறது?



கோலா கெத்தில் வட்டாரத் தோட்டப் பள்ளியில் ஒரு நாள், மாணவி ஒருத்தி பழைய பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் காலத்து நோட்டு. அவளுடைய கொள்ளுப்பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு கட்டே இருந்ததாம். "ஐயா, இவ்வளவு பணம் வைத்திருந்தும் பாட்டி ஏன் கஷ்டப்பட்டார்?" என்று கேட்டாள். அதற்கு விடை தெரிந்தால், சில நாட்டுப் பணத்தின் செலாவணி மதிப்பு ஏன் மிகக் குறைவு என்பதும் விளங்கிவிடும்.

1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியர், தங்கள் நோட்டும் மலாயா வெள்ளியும் சம மதிப்புடையவை என்றனர். முதலில் நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எழுத்துகள் மட்டுமே இருந்தன. செலவுக்கு வேண்டிய போதெல்லாம் அச்சடித்தார்கள். அரிசியும் துணியும் மருந்துமோ அருகிப் போயின.

சந்தையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கூடையில் ஒரே மீன் இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் ஐந்து வெள்ளி இருந்தால் மீன் அதற்குள் விலைபோகும். எல்லார் கையிலும் ஐம்பது வெள்ளி கொடுத்தால் மீன் பெருகாது, விலைதான் ஏறும். இதையே பணவீக்கம் என்கிறோம். முடிவில் ஆயிரம் வெள்ளி நோட்டும் வந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் ஜப்பான் நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. வயிற்றைக் கட்டிச் சேர்த்த கட்டு வெறும் காகிதமாயிற்று.

இது முதற் காரணம். இரண்டாவது காரணம் வாணிபம். நம் ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் வெளிநாட்டார் வாங்கும்போது அவர்கள் தரும் டாலர் இங்கே ரிங்கிட்டாக மாற்றப்படுகிறது. அதனால் ரிங்கிட்டுக்குக் கிராக்கி உண்டாகிறது. விற்பதைவிட வாங்குவது மிகுந்து, கடனும் ஏறினால், அந்த நாட்டுப் பணத்தைத் தேடுவோர் குறைவர், மதிப்பு இறங்கும்.

ஊருக்கு மணியார்டர் அனுப்பிய நம் பெரியவர்கள் இதைக் கண்டவர்கள். 1966 ஜூன் மாதம் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 பைசாவுக்குக் கிடைத்த அமெரிக்க டாலர் 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. ஒன்றரை ரூபாய்க்குச் சற்று அதிகமாக இருந்த நம் ஒரு வெள்ளி, ஏறத்தாழ இரண்டரை ரூபாயாயிற்று. பணம் பெற்றவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து இந்தியா வாங்கிய பொருளுக்கெல்லாம் கூடுதல் ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் இரண்டரை ரிங்கிட் கொடுத்தோம். முதலீட்டாளர் அஞ்சிப் பணத்தை வெளியே எடுக்க, 1998 ஜனவரியில் அது 4 ரிங்கிட் 88 காசு வரை போயிற்று. 1998 செப்டம்பரில் அரசாங்கம் 3 ரிங்கிட் 80 காசு என்று நிலைநிறுத்தியது. அந்த ஏற்பாடு 2005 ஜூலை வரை நீடித்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எண் சிறிதாக இருப்பதாலேயே ஒரு நாடு ஏழை நாடாகிவிடாது. ஒரு மீட்டர் துணியை நூறு சென்டிமீட்டர் என்றால் சட்டை பெரிதாகிவிடுமா? 1949-இல் ஜப்பான் ஒரு டாலருக்கு 360 யென் என்று வைத்தது. இன்றும் நம் ஒரு ரிங்கிட்டுக்கு முப்பது யென்னுக்கு மேல் கிடைக்கிறது. ஜப்பானை ஏழை நாடு என்போமா? இந்தோனேசியா 1965-இல் ஆயிரம் பழைய ரூபியாவை ஒரு புதிய ரூபியாவாக்கி மூன்று சுழியங்களை நீக்கியது. எனினும் பின்னாளில் விலைவாசி ஏறியும், 1998 நெருக்கடியில் மதிப்பு சரிந்தும், இன்று ஒரு ரிங்கிட்டுக்கு மூவாயிரம் ரூபியாவுக்கு மேல் கிடைக்கிறது. அந்தச் சுழியங்கள் பழைய துன்பத்தின் தழும்புகள்.

ஆகவே, நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளியின் பணத்தைக் கண்டு நகைக்க வேண்டாம். இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அங்கே ஒரு நாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி கிடைக்கிறது? சென்ற ஆண்டு எத்தனை கிலோ கிடைத்தது? முதல் கேள்வி வாழ்க்கைத் தரத்தைக் காட்டும். இரண்டாவது, அந்தத் தரம் உயர்கிறதா, சரிகிறதா என்று காட்டும்.

அந்த மாணவிக்கும் இதைத்தான் சொன்னேன். பாட்டியின் பெட்டியில் நோட்டு நிறைய இருந்தது, அம்மா. அதற்கு ஈடான அரிசிதான் கடையில் இல்லை.