ஈப்போ வானில் டைகர் மாத்

பழைய ஆகாய விமானம் ஒன்றைக் கணினித் திரையில் வடித்துத் தரும் துணைத்தொகுப்பை, அதாவது சிமுலேட்டர் பிரியர்கள் ‘ஆட்-ஆன்’ என்று சொல்லும் சாதனத்தை, மதிப்பிட விரும்புகிறவர், வர்ணப்பூச்சின் பளபளப்பையும் கருவிப்பலகையின் நேர்த்தியையும் கண்டு மயங்கிவிடாமல், மூல விமானத்தில் இருந்த சங்கடங்களை அது எவ்வளவு நேர்மையாகத் திருப்பித் தருகிறது என்பதையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சோதனைக்கு மிகவும் உகந்தது, ‘டி ஹாவிலண்ட்’ கம்பெனியார் உண்டாக்கி, 1931 அக்டோபர் 26 அன்று இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத். எண்ணாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டுப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமெங்கும் பயிற்சி விமானமாகப் பரவிய இது மலாயாவுக்கும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, மலாயா தன்னார்வ விமானப் படையினர் இத்தகைய சிறு விமானங்களைக் கொண்டே தகவல் தொடர்புப் பணி புரிந்தனர்.

இதன் அமைப்பு மிகவும் எளியது. எஃகுக் குழாய்ச் சட்டத்தால் உடலும், மரச் சட்டத்தால் இறக்கைகளும் அமைந்து, இரண்டின்மீதும் துணி போர்த்தியிருக்கும். தலைகீழாகப் பொருத்திய நான்கு சிலிண்டர் ஜிப்ஸி மேஜர் என்ஜினின் சக்தி 130 குதிரைத்திறன். மேல் இறக்கையின் நடுவிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் கனத்தாலேயே இறங்கி வருகிறது. ஸ்டார்ட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. வாலடியில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு சறுக்குக்கட்டைதான் உண்டு. ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். அவர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே இக்னிஷன் சுவிட்சுகள் உடலின் வெளிப்புறத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இத்தகைய யந்திரத்தைச் சிமுலேட்டர் எவ்வாறு பறக்க வைக்கிறது? இறக்கையையும் வாலையும் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் மீதும் காற்று செலுத்தும் விசையை வினாடிக்குப் பல முறை கணக்கிட்டுக் கூட்டுவது ‘எக்ஸ்-பிளேன்’ என்னும் சிமுலேட்டர் கையாளும் முறை. துணைத்தொகுப்பை ஆக்குபவர் எடை, எடையின் மையம், இறக்கையின் பரப்பு, என்ஜினின் சக்தி ஆகியவற்றைச் சரியாக நிரப்பினால் விமானத்தின் சுபாவம் தானே வெளிப்படும். அவற்றில் பிழை நேர்ந்தால் படம் எவ்வளவு அழகாயிருந்தும் பிரயோஜனமில்லை.

இனி ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் ஓடுபாதையில் டைகர் மாத்தை நிறுத்திப் பாருங்கள். வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்பதால், தனியே பறப்பவர் அமரவேண்டிய பின் இருக்கையிலிருந்து முன்னால் உள்ளது எதுவும் தெரியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்துதான் நகர வேண்டும். வேகம் கூட்டியதும் மூக்கு வலப்பக்கம் இழுக்கும். இடக்கால் பெடலை அழுத்தித் தடுக்க வேண்டும். வானில் ஏறியபின் கட்டுப்பாட்டுக் கோலை மட்டும் சாய்த்துத் திரும்ப முயன்றால், விமானம் ஒருபுறம் சரிய, மூக்கோ சிறிது மறுபுறம் விலகும். சறுக்கலைக் காட்டும் முள் உடனே குற்றம் சாட்டும். கையும் காலும் சேர்ந்தியங்கினாலொழியச் செம்மையான திருப்பம் அமையாது. இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. எடையின் மையம் சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், தரையைத் தொட்டபின் வால் சற்றே விலகினாலும் அந்த விலகல் தானாகத் தணியாமல் பெருகிக்கொண்டே போய், விமானத்தைச் சுற்றித் திருப்பிவிடும். இவை எல்லாம் திரையில் நிகழாமல் விமானம் சாதுவாக ஓடுமாயின், ஒன்று துணைத்தொகுப்பு போலி. அல்லது சிமுலேட்டரின் தானியங்கி உதவிகளை நீங்கள் அணைக்கவில்லை.

நிலக்காட்சியில் மட்டும் காலம் பிறழ்ந்து நிற்பதைக் காணலாம். கீழே விரிவது பெரும்பாலும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அமைத்த இன்றைய பேராக். குனோங் ராப்பாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளும், ஈயம் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகளும், தெற்கே பத்து காஜா அருகில் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்துக் கட்டியும் முற்றுப்பெறாமல் நின்ற கெல்லி மாளிகையும் தேடினால் அகப்படும்; ஆனால் டைகர் மாத் காலத்து விமானி கண்டிருக்கக்கூடிய பால்மர நிரைகளில் பெரும்பகுதி செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டு மறைந்துவிட்டது. விமானத்தைப் பழையதாக்க முடிந்த கணினிக்குப் பூமியைப் பழையதாக்குவது எளிதன்று.

திறந்த இருக்கையில் முகத்தில் அறையும் காற்றையும், திருப்பத்தில் உடலை இருக்கையோடு அழுத்தும் கனத்தையும் எந்த மேசைக் கணினியும் தராது. ஆதலால் இது பறக்கும் பயிற்சிக்கு ஈடாகாது. எனினும், நவீன விமானங்கள் மறைத்துவிட்ட ஒரு பாடத்தை, அதாவது விமானமோட்டுவதில் பாதி கால்களின் வேலை என்பதை, டைகர் மாத்தின் சங்கடங்கள் விளங்க வைத்துவிடும். பெடல்களை வாங்கி இணைத்து, தானியங்கி உதவிகளை அணைத்து, காற்றில்லாத காலைநேரத்தைத் தேர்ந்து தொடங்குவது புதியவர்களுக்கு உசிதம்.