விண்ணப்பத்தில் இனம், சமயம்: எதை எழுதுவது?

உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளையின் தகப்பனார் போன மாதம் ஆபீசுக்கு வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்று இருக்கிறது. "ஐயா, இதக் காட்டினா கெம்பஸ் கெடைக்காம போயிருமா? இலங்கைத் தமிழர்னு போடட்டுமா?" என்று கேட்டார்.

பயத்தில் நியாயம் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த குடும்பங்கள் நம்முடையவை. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தலும் நடந்தது. அது இப்போது இல்லை.

அரச பல்கலைக்கழக அனுமதிக்கு இன்று பார்ப்பது இசட் புள்ளியும் மாவட்டமும்தான். இனத்தால் ஒரு புள்ளி கூடாது, குறையாது. பெரும்பாலான பாடநெறிகளில் 100 இடத்தில் 40 நாடு முழுவதற்கும் திறமைப்படி, 55 மாவட்ட சனத்தொகைப்படி, 5 பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்த 16இல் உண்டு. கண்டி இல்லை.

இதில் மாவட்டம் என்பது பிறந்த ஊர் அல்ல. பரீட்சைக்கு முந்திய 3 வருடம் படித்த பாடசாலை இருக்கும் மாவட்டம். நல்ல ஸ்கூல் என்று பிள்ளையைக் கொழும்புக்கு மாற்ற நினைப்பவர்கள் இனக் கட்டத்தை விட்டு இதை யோசியுங்கள்.

ஆகவே இனம், சமயம் கேட்டால் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். கேட்காத இடத்தில் தேவையில்லை. சமய பாட ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்குச் சமயம் அவசியம், அங்கே வெறுமையாக விடக்கூடாது.

மறைப்பதால் நட்டம் வரும் இடமும் ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் புலமைப்பரிசில்களுக்குப் பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கு அத்தாட்சி வேண்டும். சில பிள்ளைகள் லயத்து விலாசம் போட வெட்கப்பட்டு, டவுனில் உள்ள மாமா வீட்டு விலாசத்தை எழுதுகிறார்கள். உதவி கையை விட்டுப் போகிறது. கொழுந்து பறித்துப் படிக்க வைத்த அம்மாவின் தொழிலை எழுத என்ன வெட்கம்?

அந்தத் தகப்பனாரின் கடுதாசிகளைப் பார்த்தேன். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. திருத்துவதற்கு இப்போது அலைகிறார். உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளதையும் இந்த ஞாயிறு எடுத்துப் பாருங்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும் கிராம சேவகரிடமோ என்னிடமோ கொண்டு வாருங்கள்.