பிக்கப் வண்டி ஏன் துள்ளுகிறது?

கடைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிவரும் பழைய பிக்கப் வண்டி, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் நாலைந்து முறை குதிக்கிறதா? "பட்டை தளர்ந்துபோச்சும்மா, இன்னொரு பட்டை சேர்த்தா சரியாயிடும்" என்பார் டிரைவர். காய்கறிக் கடையோ சமையல் காண்ட்ராக்டோ நடத்தும் சகோதரிகளே, உடனே பணப்பையைத் திறந்துவிடாதீர்கள்!

பாரத்தைச் சுமப்பது பட்டைதான். அந்தக் காலத்து வில்வண்டிக்கு அடியில் இருந்ததே, அதே சமாசாரம். ஆனால் அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துளை வழியே வர மாவு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது! இங்கே மாவுக்குப் பதில் எண்ணெய். ஆட்டத்தின் வேகமெல்லாம் அந்த எண்ணெயில் சூடாக மாறி அடங்கிவிடும். எண்ணெய் கசிந்துவிட்டாலோ சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? பட்டையைக் கூட்டினால் வண்டி விறைக்குமே தவிர, துள்ளல் நிற்காது.

குழாயின் மேல் எண்ணெய்க் கசிவு, டயரில் திட்டுத் திட்டாகத் தேய்மானம் இரண்டையும் பாருங்கள். பின்பக்கத்தில் ஒன்றுதான் கெட்டிருந்தாலும் ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்தால் மெக்கானிக்கின் சுத்தியலுக்கு வேலை குறையும். (அவர் வாய்க்கும்தான்!)

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிச் சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்கி முடுக்க வேண்டும். அந்தரத்தில் முடுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள்.